தண்டனை முடிந்தது, சன்னது வரவில்லை

புனேயில் வளரும் பிள்ளைகளுக்குத் திலகரைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்கூல் பார்த்துக்கொள்ளும். மிச்சத்தைப் பிள்ளையார் சதுர்த்தியில் தெருவே சொல்லிவிடும். வ.உ.சி.யைத்தான் வீட்டில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் பெண்ணுக்கு 'கப்பலோட்டிய தமிழன்' என்றால் சிவாஜி படம். அதுவும் பாதிவரைதான் பார்த்திருக்கிறாள்.

போன வாரம் இரண்டு பேரையும் சேர்த்து ஒரே கதையாகச் சொன்னேன். 1908 ஜூலை 7-ஆம் தேதி திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். சரியாகப் பதினைந்தாம் நாள், ஜூலை 22, பம்பாய் ஹைகோர்ட்டில் நீதிபதி தாவர் திலகருக்கு ஆறு வருஷ நாடுகடத்தல் விதித்தார். (இந்த தாவர்தான் 1897 வழக்கில் திலகருக்கு ஜாமீன் கேட்டு வாதாடிய வக்கீல். காலத்தின் கோலம்!) எல்லாம் கேட்டுவிட்டு என் பெண் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"ஜெயில்லேர்ந்து வந்தப்புறம் என்னப்பா பண்ணினாங்க?"

நம் பாடப்புத்தகங்கள் செக்கிழுத்ததோடு நிறுத்திக்கொள்கின்றன. கதையே அதற்கப்புறம்தான் என்பது என் கட்சி.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். கப்பல் கம்பெனி அதற்கு முந்தைய வருஷமே கலைக்கப்பட்டிருந்தது. தெரிந்த தொழில் வக்கீல் தொழில். ஆனால் சன்னது பறிபோய்விட்டதே! கோர்ட் விதித்த தண்டனை முடிந்துவிட்டது, கோர்ட்டுக்குள் நுழையத்தான் அனுமதியில்லை. சென்னையில் மளிகை வைத்துப் பார்த்தார், மண்ணெண்ணெய் விற்றுப் பார்த்தார். நமக்கு வராத தொழில் நமக்கு வராது, அவருக்கும் வரவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று சேர்த்துக் கொடுத்திருந்த பணம் காந்தியிடம் இருந்தது. அதற்காகக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, 1916-ல்தான் 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்தது. வெளியூரில் உட்கார்ந்துகொண்டு ஊருக்குப் பணம் அனுப்பும் நமக்கெல்லாம் இந்த இடம் கொஞ்சம் கூடவே உறைக்கும்.

1920-ஐ ஒட்டிக் கோவைக்குப் போனார். அங்கே அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? பேங்க் மேனேஜர்!

நான் இருக்கும் கோந்த்வாவில்தான் வங்கி அதிகாரிகளுக்கே பாடம் நடத்தும் என்.ஐ.பி.எம். இருக்கிறது, ரோட்டுக்குப் பெயரே அதுதான். அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். இன்று வ.உ.சி. எங்களிடம் வேலைக்கு விண்ணப்பித்தால்? 1949-ஆம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 10. ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்ற எவரையும் வங்கி வேலையில் வைத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி, கெடு என்று ஒன்று கிடையாது. ராஜத்துரோகம் ஒழுக்கக்கேட்டில் சேருமா என்று வக்கீல்கள் வாதாடலாம். பர்சனல் டிபார்ட்மென்ட் ஆட்கள் அவ்வளவு தூரம் யோசிப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பேங்க் சம்பளம் போதாமல், சன்னதைத் திருப்பித் தரச்சொல்லி மனுப்போட்டார் வ.உ.சி. ஈ.எச். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி இரக்கப்பட்டு வழி செய்தார். அந்த நன்றிக்குத்தான் கடைசிப் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டவர் வீட்டில் ஒரு வெள்ளைக்காரன் பெயர்! சிலர் இதை அவருடைய பெருந்தன்மை என்பார்கள். பெருந்தன்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டியது ஒருத்தர் தயவில் கிடைத்தது என்பதும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. தயவு தாட்சண்யம் உள்ள ஒரு வாலஸ் அந்த நாற்காலியில் இல்லாமல் போயிருந்தால்?

திலகர் விஷயம் வேறு. 1914 ஜூனில் மண்டாலேயிலிருந்து கொண்டுவந்து, நள்ளிரவில் நாராயண் பேட்டில் வீட்டு வாசலில் விட்டார்கள். எல்.எல்.பி. படித்தவர்தான், ஆனால் கோர்ட்டை நம்பிப் பிழைத்தவரில்லை. அவருக்குத் திரும்பிப்போக கேசரி இருந்தது, வ.உ.சி.க்கு அப்படி ஒன்றுமில்லை. 1956-ல் திலகர் நூற்றாண்டின்போது, அவருக்குத் தண்டனை சொன்ன அதே அறையில் அவருடைய வாசகத்தைப் பளிங்கில் பொறித்து, பிராயச்சித்தம் போல் திறந்துவைத்தார் தலைமை நீதிபதி சாக்ளா. அவர் செத்து முப்பத்தாறு வருஷம் கழித்து!

காந்தியை 1922-ல் எரவாடாவுக்கு அனுப்பினார்கள். அதே நவம்பரில் லண்டன் இன்னர் டெம்பிள் அவர் பெயரை பாரிஸ்டர் பட்டியலிலிருந்து அடித்தது. 1924-ல் இங்கே சசூன் ஆஸ்பத்திரியில் குடல்வால் ஆபரேஷன் ஆனபிறகு சர்க்கார் அவரை விடுதலை செய்தது. இன்னர் டெம்பிள் பெயரைத் திரும்பச் சேர்த்தது 1988-ல்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலம், இப்போது மாறியிருக்கும் என்று தோன்றும். பிரிட்டனில் 1974-லேயே ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்துவிட்டால், பெரும்பாலான பழைய தண்டனைகளை வேலைக்குப் போகிற இடத்தில் சொல்லவேண்டியதில்லை. நம் நாட்டில் அப்படி ஒரு பொதுச்சட்டம் இன்றுவரை இல்லை. ஜனாதிபதிக்கும் கவர்னருக்கும் மன்னிக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் தண்டனைக் குறைப்பு வேறு, மன்னிப்பு வேறு. நாட்களைக் குறைத்தால் நாட்கள்தான் குறையும், குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும் என்று 1960-லேயே சுப்ரீம் கோர்ட் ஒரு தேர்தல் வழக்கில் சொல்லிவிட்டது. தேர்தலில் நிற்பவருக்கு விடுதலையாகி ஆறு வருஷத்தில் தடை நீங்கிவிடும். பேங்க் பியூனுக்கு நீங்காது. ஹூம்.

இரண்டு கதவுகள் மட்டும் திறந்திருக்கின்றன. சிறுவயதில் தப்பு செய்தவர்களுக்கு, 2015 சிறார் நீதிச் சட்டப்படி தகுதியிழப்பு ஒட்டாது, ஆவணங்களையே அழிக்கச் சொல்கிறது (கொடுங்குற்றத்தில் பெரியவர்களைப்போல் விசாரிக்கப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் தவிர). இன்னொன்று 1958 நன்னடத்தைச் சட்டம், பிரிவு 12. ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விட்டிருந்தால் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது. தீர்ப்பு அழியாது, ஆனால் அந்த ஒரு வரி ஒருத்தர் பிழைப்பைக் காப்பாற்றும். நம்மவர் வீட்டுப் பையன் யாராவது ஏதாவது அடிதடியில் மாட்டியிருந்தால், வக்கீலிடம் இந்தப் பிரிவை முதலிலேயே கேட்டுவையுங்கள்.

இன்னொன்று. வேலை விண்ணப்பத்தில் 'வழக்கு உண்டா' என்ற கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். 2016-ல் அவ்தார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னபடி, சின்ன விஷயமாக இருந்தால் மன்னித்து எடுத்துக்கொள்ள நிர்வாகத்துக்கு இடமுண்டு. மறைத்தது பின்னால் தெரியவந்தால், மறைத்ததே தனிக் காரணமாகிவிடும்.