கரைக்கடலின் உரிமை

பரதவர்க்குக் கட்டுமரம் செல்லும் தொலைவே வேட்டத்தின் எல்லை. வலைக்கண்ணின் அளவே சிறு மீனுக்குக் காப்பு. மேலைக் கரையில், கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் 1953இல் தொடங்கிய இந்திய-நார்வேத் திட்டம், மீனவர் வாழ்வை உயர்த்தும் நோக்குடன் விசைப்படகைப் புகுத்தியது. பின்னர் இறால் ஏற்றுமதி பெருகவே, தமிழகக் கரையிலும் இழுவலைப் படகுகள் மிகுந்தன. அவற்றை உடைமையாகப் பெற்றோர் சிலர். கட்டுமரத்தோடு நின்றோர் பலர்.

இழுவலை கடலடியை வாரிச் செல்வது. குஞ்சு மீன்கள் அதற்குத் தப்புவதில்லை. ஆழம் குறைந்த கரைக்கடலோ அக்குஞ்சுகள் வளரும் தொட்டில். ஆதலின் 1970களில் மூண்ட மோதல்கள் இரு சாரார் பகை மட்டுமல்ல. கடல்வளத்தின் எதிர்காலம் பற்றிய வழக்குமாகும்.

அவ்வழக்கிற்கு விடையாக எழுந்ததே 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடித்தலாகாது என்பது அன்று அதன் விதியாயிருந்தது. 2001இல் இனப்பெருக்கக் காலத்திற்கென 45 நாள் தடை வந்தது; 2017இல் அது 61 நாளாயிற்று.

எனினும் விசைப்படகுகள் எல்லை மீறுகின்றன என்பதே நாட்டுப்படகு மீனவரின் நீங்காத முறையீடு. கடலில் இட்ட கோடு நீர்மேல் எழுத்தாகாமல் காத்தல் அரசின் கடன். அப்பணியில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளைத் துணைக்கொள்ளுதல் அறிவுடைமையாகும்.