லெவர்குசனில் பிறந்து லோடு தொட்டிக்கு வந்தது

பூரணாங்குப்பத்தில் வண்டியைத் தின்பது காற்று. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் கிழக்கே திரும்பினால் ஊர். ஊருக்கும் கிழக்கே புதுக்குப்பத்து மணல், அதற்கு அப்பால் வங்கக் கடல். இந்தப் பக்கம் ஓடுகிற குட்டியானை வண்டியும் பழைய டாடா 407-ம் காலையில் ஐஸ் போட்ட மீன்பெட்டி ஏற்றும், மதியம் செங்கல் ஏற்றும், மறுநாள் சவுக்குக் கட்டை ஏற்றும். செங்கல் விழுந்து தொட்டியின் பெயிண்ட் பெயர்கிறது. பெயர்ந்த இடத்தில் மீன்பெட்டியிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் நிற்கிறது. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருத்துவிடும். பக்கத்தில் நன்றாக ஒட்டியிருக்கும் பெயிண்டையும் அது தூக்கிவிடும். அப்புறம் ஓட்டை விழும் நாளை எண்ண வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட தொட்டிக்கு என்றே வந்த பூச்சுதான் பெட்லைனர். பிக்கப் வண்டியின் தொட்டியில் ரப்பர்போலத் தடித்து, சொரசொரப்பாக உறையும் பூச்சு. பெயிண்டுக்குப் பதில் இதையே பழைய வண்டி முழுக்க அடித்துவிடலாமா என்ற கேள்வி அமெரிக்காவில் கிளம்பி இப்போது நம் பட்டறைகள் வரை வந்துவிட்டது. பதில் சொல்வதற்கு முன் இந்தப் பூச்சு வந்த வழியைப் பார்த்துவிட வேண்டும். அதன் குணமும் குறையும் பிறப்பிலேயே இருக்கின்றன.

1937-ல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில், ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஓட்டோ பேயரும் அவருடைய சகாக்களும் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தார்கள். பேயர் என்ற பெயர் இருந்தாலும், பேயர் கம்பெனியைத் தொடங்கிய குடும்பத்துக்கும் இவருக்கும் உறவில்லை. ஐசோசயனேட் என்ற வகை ரசாயனத்தை பாலியால் என்ற இன்னொன்றோடு சேர்த்தால் இரண்டும் கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன. எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து மெத்தை, செருப்பு அடி, பசை, பூச்சு என்று எது வேண்டுமானாலும் வரும். ஆனால் ஆரம்பத்தில் வார்த்த துண்டுகளில் குமிழி விழுந்தது. ஓட்டை ஓட்டையாக இருக்கும் எம்மென்டல் பாலாடைக்கட்டிக்குப் போலி செய்யத்தான் இது லாயக்கு என்று கூடவே இருந்தவர்கள் கிண்டல் செய்தார்களாம். காரணம் தண்ணீர். ஐசோசயனேட்டில் ஈரம் பட்டால் கார்பன் டை ஆக்ஸைடு கிளம்பும், அது குமிழியாகும். அந்தக் குறையைத்தான் பிறகு மெத்தை நுரையாக்கி உலகம் முழுக்க விற்றார்கள். மெத்தைக்கு வரமான அந்தக் குமிழி, பூச்சுக்குச் சாபம். நம்மூர் மழைக்காலத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் குமிழி திரும்பி வரும்.

1980-களில் டெக்ஸாஸில் டெக்ஸாகோ கெமிக்கல் நிறுவனத்தில் பாலியூரித்தேனுக்குப் பாலியூரியா என்ற நெருங்கிய உறவுக்காரன் பிறந்தான். இரண்டு திரவங்களையும் சூடாக்கி, உயர் அழுத்தத்தில் துப்பாக்கி முனையில் மோதவிட்டு அடித்தால், சில நொடிகளில் கெட்டியாகிவிடும். அதற்கு முன் பிக்கப் வைத்திருந்தவர்கள் தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் தட்டை இறக்கி வைத்தார்கள். தட்டுக்கும் இரும்புக்கும் நடுவே தண்ணீரும் மணலும் புகுந்து, ஆட்டத்தில் பெயிண்டைத் தேய்த்து, கண்ணில் படாமல் துருவை வளர்த்தன. நேரடியாக ஒட்டிக்கொள்ளும் பூச்சு வந்ததும் தட்டு பின்வாங்கியது. 1988-ல் ரைனோ லைனிங்ஸ், 1993-ல் லைன்-எக்ஸ் என்று இதற்கென்றே கம்பெனிகள் எழுந்தன. 2000-ஐ ஒட்டி அமெரிக்க விமானப் படை இதே பூச்சைக் கட்டடச் சுவர்களில் அடித்து, குண்டுவெடிப்பில் சுவர் சிதறாமல் பிடிக்கிறதா என்று சோதித்தது. பிடித்தது. செங்கல் ஏற்றும் தொட்டிக்காகச் செய்த பொருள் செங்கல் சுவரையே காத்தது எனக்கு இன்னும் வியப்புதான்.

பெரிய இயந்திரம் இல்லாதவர்களுக்கு பிரிட்டனின் யூ-போல் நிறுவனம் ராப்டர் என்ற பெயரில் பாட்டில் வகையைக் கொண்டுவந்தது. பாட்டிலில் 750 மில்லி பூச்சு இருக்கும். கோடு வரை 250 மில்லி ஹார்டனர் ஊற்றிக் குலுக்கி, அதற்கான துப்பாக்கியில் மாட்டி, சாதாரணக் கம்ப்ரஸரில் அடிக்கலாம். பட்டறை வாசல் வரை இந்தப் பொருள் வந்தது இந்த எளிமையால்தான். ஆபத்தும் அந்த எளிமையோடுதான் வந்தது.

ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984-ல் போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட் இதே குடும்பம். அதைப்போல இது எளிதில் ஆவியாகிப் பரவாது, ஆனால் துப்பாக்கியிலிருந்து வரும் புகைபோன்ற தூறல் நேரே நுரையீரலுக்குப் போகும். ஸ்பிரே பெயிண்டர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஐசோசயனேட்டின் பங்கு உலகம் முழுக்க அறியப்பட்டது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சைப் பிடிக்கும். அந்தத் தொழிலையே விட வேண்டி வரும். வாசனை வந்ததும் விலகிவிடலாம் என்றால் அதுவும் நடக்காது, வாசனை தெரியும் முன்பே கெடுதல் தொடங்கியிருக்கும். மூக்கில் கட்டும் கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இதற்குத் துளியும் உதவாது. வெளியிலிருந்து நல்ல காற்று தரும் முகமூடிதான் சரி. வண்டிக்காரர் கூலி பேசும்போதே இதையும் பேசியாக வேண்டும். அடிக்கிற பையனுக்கு வயது இருபதுதான் இருக்கும்.

அடுத்தது மழை. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையின் காற்றே நனைந்திருக்கும். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று புயல் கரையேறுவதும் அந்தப் பருவத்தை ஒட்டித்தான். அப்போது அடிக்கிற பாலியூரித்தேன் பூச்சில் லெவர்குசனின் அதே குமிழி வரும். மாசி, பங்குனிதான் ஏற்றது. அப்போதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதோடு வேலை முடிந்துவிடாது. கண்ணுக்குத் தெரியாத உப்பு இரும்பின் குழிகளில் ஒளிந்திருக்கும். மேலே எவ்வளவு தடித்த பூச்சு போட்டாலும் அந்த உப்பு ஈரத்தை உறிஞ்சி இழுத்து, பூச்சை உள்ளிருந்து கொப்புளமாகத் தூக்கும். முதலில் நல்ல தண்ணீரால் தொட்டியைக் கழுவு, காயவிடு, துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை எடு, உடனே பிரைமர் அடி. முக்கால்வாசி வேலை பூச்சுக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு குப்பங்களில் ஃபைபர் படகுகள் பெருகின. அதனால் ஃபைபர் மேட் வைத்து ரெசின் பூசத் தெரிந்த கைகள் இங்கே நிறைய. படகுக்குப் பூசுவதையே தொட்டிக்கும் பூசலாமே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் படகில் அந்த ஃபைபரே உடம்பு. தொட்டியில் அது நெளியும் இரும்பின்மேல் ஒட்டிய விறைத்த ஓடு. பாலியெஸ்டர் ரெசின் இரும்பை அவ்வளவாகப் பிடிக்காது. குண்டுகுழியில் வண்டி முறுக்கும்போது ஓரம் விடும், உப்புத் தண்ணீர் உள்ளே போகும். வளைந்து கொடுப்பதுதான் பெட்லைனரின் பலம்.

இனி, வண்டி முழுக்க அடிக்கலாமா என்ற கேள்வி. கூடாது என்பதே என் கருத்து. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். அதற்கு முன் டிங்கரிங் பட்டறையில், “அண்ணே, பட்டி பார்த்து ஒரு கோட்டு அடிச்சு விடுங்க” என்று நிறுத்துவது இங்கே வழக்கம். வெறும் பளபளப்புக்கான செலவு என்று இதைத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு நாள்தான் ஒருவர் வண்டியை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்கிறார். பெயிண்ட் மெல்லியது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். அடியில் துரு தொடங்கினால் உடனே பொங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இயந்திரத்தால் அடிக்கும் பெட்லைனர் மூன்று மில்லிமீட்டர் வரை வரும். அதனடியில் கதவின் விளிம்பு கரைந்தாலும் வெளியே தெரியாது. நசுங்கலைத் தட்டி எடுக்க முடியாது. பூச்சை எடுக்க கிரைண்டர்தான் வேண்டும். சொரசொரப்பில் உப்புப் புழுதி தங்கும், கழுவுவது இரட்டை வேலை. நிறம் மாறினால் ஆர்.சி.யிலும் பதிவை மாற்ற வேண்டும்.

வெல்டிங் இன்னொரு காரணம். நம் வண்டிகள் விரிசலுக்கு விரிசல் வெல்டு வைத்தே ஓடுபவை. பாலியூரித்தேன் எரிந்தால் ஐசோசயனேட்டும் ஹைட்ரஜன் சயனைடும் புகையில் வரும். பூச்சு உள்ள இடத்தில் ராடு வைப்பதற்கு முன் சுற்றிலும் நன்றாகச் சுரண்டி எடுத்தாக வேண்டும். வெல்டு வேலை எல்லாவற்றையும் முடித்த பிறகே பூச்சுக்குப் போவது நல்லது.

தொட்டியின் உட்புறம், பின்கதவின் உள்பக்கம், கல் தெறிக்கும் மட்கார்டு அடி, இந்த மூன்றுக்கும் மனதார அடிக்கலாம். மீன் ஏற்றும் வண்டிக்குக் கறுப்பு வேண்டாம், வெயிலில் தொட்டி கொதித்து ஐஸ் சீக்கிரம் கரையும்; வெயிலில் நிறம் மங்காத அலிஃபாட்டிக் வகையில் வெள்ளை கேட்டு வாங்கலாம். மூலையில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பூச்சு அடைத்துவிடாமல் ஆணி செருகி வைத்துவிட்டு அடிக்க வேண்டும். கேபினுக்கும் கதவுக்கும் பெயிண்டே இருக்கட்டும். காசு அளவு துரு பொங்கும்போதே கண்ணில் பட்டால், உள்ளங்கை அளவாகும் முன் வெட்டி எடுத்து ஒட்டுப் போட்டுவிடலாம்.