மன்னார் முதல் மலையகம் வரை: ஒரு நெடுநடையின் வரலாறு

நெடுந்தூரம் நடக்கப் புறப்படுவோர் முன்கூட்டியே பல கணக்குகளைப் போடுவர். நாளொன்றுக்கு எத்தனை மைல் நடப்பது, இரவில் எங்கே தங்குவது, குடிநீர் எவ்விடத்திற் கிடைக்கும், தோள் எவ்வளவு சுமை தாங்கும், மழை எப்போது தொடங்கும் என்பன அவற்றுட் சில. யப்பானின் சிக்கொக்குத் தீவில் 88 ஆலயங்களைச் சுற்றி ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் நடக்கும் யாத்திரிகர் இன்றும் இவ்வாறே திட்டமிடுகின்றனர். அந்நாட்டில் தொக்குகாவா ஆட்சியாளர் 1601ஆம் ஆண்டு முதல் ஒழுங்குபடுத்திய தொக்கைடோ பெருவழியில், நடப்போர் தங்குவதற்கென 53 நிலையங்கள் இருந்தன. இலங்கை மலையகத்துக்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் நடைக்கும் ஒரு திட்டம் இருந்தது. ஆனால் அது நடப்பவரின் நலன் நோக்கி வகுக்கப்பட்டதன்று.

1830களின் பிற்பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கை கண்டிப் பிரதேசத்தில் விரைந்து பரவியது. கோப்பிப் பழம் பறிப்பதற்கு ஆண்டின் சில மாதங்களில் மட்டுமே பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டனர். கங்காணி தமிழக ஊர்களில் முன்பணம் கொடுத்து ஆள்கட்டினான். அவ்வாறு திரட்டப்பட்டோர் கரைவரை நடந்து, தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல். வடபாதை எனப்பட்ட அவ்வழியின் பெரும்பகுதி காடு.

இங்கு உற்று நோக்கவேண்டியது காலக்கணக்கு. பறிப்புக் காலத்துக்குத் தோட்டத்தை அடையவேண்டுமாயின் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் வன்னியைக் கடக்கவேண்டும். உலர் வலயத்திற் குளங்கள் வற்றிக் கிடக்கும் காலம் அதுவே. சேற்றுநீரைக் குடித்தோரை வாந்திபேதி பற்றியது. பறிப்பு முடிந்து ஊர் திரும்புவோரோ வடகீழ்ப் பருவமழை பெய்து ஓய்ந்த காட்டிற் காய்ச்சலுக்கு இரையாகினர். தம் விருப்பப்படி புறப்படும் யாத்திரிகன் இவ்விரு காலங்களையும் தவிர்த்திருப்பான். கோப்பிச் செடியின் பருவமே நடப்போரின் பருவத்தை நிர்ணயித்தது எனலாம்.

இறந்தோர் தொகை பற்றி உடன்பாடு இல்லை. 1841 முதல் 1849 வரை ஏறத்தாழ 70,000 பேர் மடிந்தனர் என அக்காலக் கொழும்புப் பத்திரிகையான ஒப்சேவர் எழுதியது. அக்கணக்கு மிகையானது என்போரும் உளர். தொகை எதுவாயினும், வழியில் விழுந்தவருக்குப் பெயர்ப்பதிவேடு இருக்கவில்லை என்பதே ஆய்வாளனின் இடர்ப்பாடு. பின்னர் அரசாங்கம் வழியிற் கொட்டில்களும் கிணறுகளும் மருந்தகங்களும் அமைத்தது. அவை எழுமுன் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன.

செலவுக்கணக்கு இன்னும் விசித்திரமானது. தோணிக் கூலியும் வழிச்சோறும் முன்பணத்தோடு சேர்ந்து தொழிலாளியின் பெயரிலேயே கடனாக ஏறின. தான் நடந்த நடைக்குத் தானே கடன்பட்ட நிலையில் அவன் முதல்நாட் பெரட்டில் நின்றான். கங்காணியும் கூட்டத்தோடு நடந்தவனே. அவனையும் வழி விட்டுவைக்கவில்லை. ஆயினும் தப்பி மலையேறியபின் கணக்குப் புத்தகம் அவன் கையில் இருந்தது. மாத்தளையை அடைந்தோர் முத்துமாரியம்மனை வணங்கியதில் வியப்பில்லை. நோய் தீர்க்கும் தெய்வமாகத் தமிழகக் கிராமத்தார் அறிந்தவள் மாரியம்மனே.

திக்கோயா, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகளிற் காடழித்துத் தோட்டங்கள் எழுந்தது 1860களிலும் 1870களிலுமாகும். இன்று நோட்டன் பிரிட்ஜ் என வழங்கும் ஊரைச் சூழ்ந்த மலைகளும் அப்பகுதியைச் சேர்ந்தனவே. புகையிரதம் 1867இற் கண்டியையும் 1874இல் நாவலப்பிட்டியையும் 1884இல் அட்டனையும் அடைந்தது. ஒவ்வொரு நிலையமும் திறக்கப்படுந்தோறும் நடைதூரம் குறைந்தது. 1914இல் தலைமன்னார்ப் பாதையும் கப்பற் சேவையும் தொடங்கியபின் காட்டுவழி நடை பழங்கதையாயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோருட் பலர் அதே தலைமன்னார் வழியாகவே கடல் கடந்தனர். பாட்டன் நடந்து வந்த திசையிற் பேரன் புகைவண்டியில் திரும்பினான். இரு பயணங்களிலும் நாள் குறித்தவர் வேறொருவர்.

2023இல் மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு அப்பாதையில் மீண்டும் ஒரு நடை நிகழ்ந்தது. யூலை 28ஆம் திகதி தலைமன்னாரிற் புறப்பட்டோர் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தனர். பழைய கோப்பிக் கூட்டங்கள் நடந்த அதே வறண்ட மாதத்தை இவர்கள் தாமாகவே தேர்ந்தனர். காணி, வீடு, நியாயமான ஊதியம், சமத்துவமான குடியுரிமை என்னும் கோரிக்கைகளை அவர்கள் சுமந்து சென்றனர். நடை மாத்தளையில் நிறைவெய்தியது. புகையிரதம் வருமுன் நோட்டன் பிரிட்ஜ்ப் பகுதித் தோட்டங்களுக்கு வந்தோருக்கோ, மாத்தளையிலிருந்து கண்டி, கம்பளை, அம்பகமுவை எனப் பல நாள் மலைவழி இன்னும் எஞ்சியிருந்தது.