கடலைப் பார்த்த ரேடார்களும் ஏலமலையும்

நம் கரையோர வானிலை ரேடார்களுக்கு இடம் குறித்தது புயல்தான். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு ஒரு ரயிலே கடலுக்குள் போனது. புயலைக் கண்காணிக்கும் ரேடார் அன்று நம் கரையில் எங்கும் இல்லை. 1970-இல் விசாகப்பட்டினத்தில் முதல் புயல் ரேடார் வந்தது. பிறகு சென்னை, காரைக்கால் என்று கிழக்குக் கரையில் வரிசையாக நிறுவினார்கள். 2002-இல் சென்னைக்கு டாப்ளர் ரேடார் கிடைத்தது. கரையில் ரேடார் வைக்கும் அந்த முடிவு எத்தனையோ உயிர்களைக் காத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடலைப் பார்த்து வைத்த கருவிகளின் பார்வைக்கு வெளியே நின்றுபோன ஊர்களில், தேனி மாவட்டத்தில் ஏலமலை அடிவாரத்திலுள்ள போடிநாயக்கனூரும் (போடி) ஒன்று.

ரேடார் அனுப்பும் நுண்ணலைத் துடிப்பு மழைத்துளியில் பட்டுத் திரும்புகிறது. திரும்பிவர ஆகும் நேரம் தூரத்தையும், திரும்பும் அலையின் வலு மழையின் கனத்தையும், அலைவெண்ணில் தெரியும் மாற்றம் காற்றின் வேகத்தையும் சொல்லிவிடும். விமான நிலையமும் கப்பலும் நம்பியிருப்பது இதே தத்துவத்தைத்தான். சிக்கல் என்னவென்றால், பூமி வளைந்துகொண்டே போகிறது, கதிர் அந்த அளவுக்கு வளைவதில்லை. காரைக்காலிலிருந்து போடி ஏறக்குறைய 290 கிலோமீட்டர். அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கதிர் போடிக்கு மேலே வரும்போது ஏழு கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் ஏலத்தோட்டங்களை நனைக்கும் தாழ்ந்த மேகங்கள் அதன் கண்ணில் படுவதே இல்லை. கொச்சி ரேடார் பக்கத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், சுமார் 120 கிலோமீட்டர். அங்கிருந்து வரும் கதிரின் மையம் இங்கே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே இருக்கும். நடுவே நிற்கும் மூணாறு, தேவிகுளம் பகுதி முகடுகள் பலவும் அதைவிட உயரம். அவை கதிரின் ஒரு பகுதியையாவது மறித்துவிடும். கோணத்தை உயர்த்தினால் கதிர் மழைக்கு மேலே போய்விடும்.

செயற்கைக்கோள் போதாதா என்பது அடுத்த கேள்வி. அது காட்டுவது மேகத்தின் உச்சியை. உயரமில்லாத மேகமும் மலையில் கொட்டித் தீர்க்கும். மழைமானியோ பெய்து முடிந்ததை, அதுவும் ஓர் இடத்தில் மட்டும், சொல்கிறது. சிறிய வட்டாரத்துக்கென்று தனி ரேடார் வைக்க இவ்வளவு செலவா என்பவர்கள் 2020 ஆகஸ்ட் 6-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து, லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) உறங்கிய 70 பேர் பலியானார்கள்; பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மண்சரிவை ரேடார் முன்கூட்டிச் சொல்லிவிடாது. ஆனால் எந்த மலைச்சரிவில் ஒரு மணி நேரமாக மழை கொட்டுகிறது என்று சொல்லும், போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் போடிமெட்டுச் சாலையில் தொழிலாளர் ஜீப்பை நிறுத்த அது போதும். இதற்குப் பத்து சென்டிமீட்டர் அலையில் இயங்கும் பெரிய எஸ் பேண்ட் ரேடார் தேவையில்லை. மூன்று சென்டிமீட்டர் அலையில் இயங்கும் எக்ஸ் பேண்ட் ரேடார் போதும். கனமழைக்குள் அதன் அலை வலுவிழக்கும் என்பது மெய்யான குறைதான். குறுகிய தூரத்துக்கு அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். இமயமலையில் குஃப்ரியிலும் முக்தேஷ்வரிலும் அவ்வகையையே நிறுவினார்கள். போடிக்கு மேலுள்ள முகட்டிலிருந்து ஒரு பக்கம் தேனி, மறுபக்கம் இடுக்கி. இரண்டு மாவட்டங்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கருவி இது.