அரங்கின் ஒலியும் தோட்டத்துத் தப்பும்

பூண்டுலோயாவின் மலைச்சரிவிலே டன்சினன் என்றொரு தோட்டம் உண்டு. அதன் அருகே வீழும் அருவிக்கும் அதுவே பெயர். முதலிற் காப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட வந்த ஸ்கொத்லாந்துத் துரைமார், தாம் பிறந்த மண்ணின் பெயர்களை நம் மலைகளுக்குச் சூட்டிச் சென்றனர். டன்சினன் என்பது ஸ்கொத்லாந்திலுள்ள ஒரு குன்று. ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில், கொலையால் அரியணை ஏறிய கொடுங்கோலன் தன் இறுதி அரணாக நம்பியிருப்பது அக்குன்றின் மீதுள்ள கோட்டையைத்தான். காடே புறப்பட்டு வந்தாலன்றித் தனக்கு அழிவில்லை என்று அவன் இறுமாந்திருக்கிறான். மரக்கிளைகளை ஏந்திய படை காடுபோல் நகர்ந்து வருகிறது. அவன் வீழ்கிறான். தோட்டத்துக்கு அப்பெயரை இட்டவர்கள் அக்கதையின் முடிவைச் சிந்தித்தார்களோ இல்லையோ, அதைச் சிந்திக்க நமக்கு உரிமை உண்டு.

அந்நாடகம் சொல்லோடு தொடங்குவதில்லை, இடியோடு தொடங்குகிறது. அந்த இடியை உண்டாக்கியவன் யார்? அவனுடைய கருவி எது? நாடக வரலாறுகள் ஆசிரியனைப் பேசும்; நடிகனைப் பேசும்; புரவலனைப் பேசும். திரைக்குப் பின்னே நின்று இடியை உருட்டியவனைப் பேசுவதில்லை. உழைப்பு அரங்கிலும் மறைந்தே நிற்கிறது.

அக்கால அரங்குகளில் இடி என்பது கனத்த உடலுழைப்பாக இருந்தது. மரத்தாற் செய்த சாய்ந்த பள்ளத்தில் இரும்புக் குண்டுகளை உருட்டி விடுவர். அவை உருளும் ஓசை கூரையினூடே இடியாகக் கேட்கும். 1766-இல் திறக்கப்பட்ட பிரிஸ்டல் நகரத்து நாடகசாலையில் அத்தகைய பள்ளத்தை இன்றும் காணலாம். ஒலிக்காக உயிரையும் பணயம் வைக்க நேர்ந்ததுண்டு. 1613-இல் ‘எட்டாம் ஹென்றி’ நாடகத்தின்போது முழக்கத்துக்காக வெடித்த பீரங்கியின் பொறி ஓலைக்கூரையிற் பற்ற, லண்டனின் குளோப் அரங்கு முழுவதும் எரிந்து சாம்பலாயிற்று. 1709-இல் ஜோன் டென்னிஸ் என்னும் நாடகாசிரியர் தம் நாடகத்துக்கென்று இடியோசைக்குப் புதியதோர் உபாயம் கண்டார். நாடகம் தோற்றது, உபாயம் தங்கிவிட்டது. சில நாட்களின் பின் அதே அரங்கில் ‘மக்பெத்’ பார்க்கச் சென்றவர், தம்முடைய இடியே அங்கு முழங்கக் கேட்டு ஆத்திரங்கொண்டார் என்று கூறுவர். கருவியைக் கண்டவன் ஒருவன், அதனாற் பயன் கொள்பவன் வேறொருவன் என்ற முரண்பாட்டுக்கு அரங்கும் விலக்கன்று.

இனி, டன்சினன் என்ற பெயர் தாங்கிய நம் மலைக்கு வருவோம். இங்கும் ஒலிக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த ஒலியின் பெயர் தப்பு.

வட்டமான சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல், இரண்டு குச்சிகள், தோலை முறுக்கேற்றச் சிறிது நெருப்பு. மலைநாட்டின் பனியிலும் தூறலிலும் தோல் தளர்ந்துவிடும். ஆகவே தப்பைக் காய்ச்சி அடிப்பது இங்கு அன்றாடத் தேவையாயிற்று. இருள் பிரியுமுன் லயத்து மக்களை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்பொலியே. பெரட்டுக்கு வராதவனுக்கு அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையேல் கூலி இல்லை. இவ்வாறு, அரங்கில் நடிகனை இயக்கும் குறிப்பொலியைப் போல, ஒரு மக்கள் கூட்டத்தின் நாள் முழுவதையும் இயக்கும் குறிப்பொலியாகத் தப்பு அமைந்தது. அடித்தவன் தொழிலாளி, எழுந்தவனும் தொழிலாளி, ஆனால் எப்போது அடிப்பது என்று தீர்மானித்தவன் துரை. பூண்டுலோயாவை அடுத்த வட்டகொடையில், மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற அவர், தம் ஆங்கிலக் கவிதை நூலில் விடியலின் தப்பொலியைப் பதிவு செய்தார். அவ்வொலி அலங்காரமன்று, ஒரு வர்க்கத்தின் நேரக்கணக்கு.

ஆயினும் அதே தப்பு இரவில் வேறொரு வாழ்வு வாழ்ந்தது. மாசி மாதம் பிறந்துவிட்டால் தோட்டங்களிற் காமன் கூத்து நடைபெறும். கம்பம் ஊன்றுவது முதற்கொண்டு, ரதி மன்மதன் திருமணம், சிவனுடைய தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுதல், நெற்றிக்கண்ணால் எரிதல், ரதியின் புலம்பல், மன்மதன் மீண்டும் உயிர்பெறுதல் என்று கதை நாட்கணக்கில் விரிகிறது. வீரபத்திரனுக்கு ஓர் அடி, எமனுக்கு ஓர் அடி, மணவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. பாத்திரம் களத்தில் தோன்றுமுன்னரே அடியைக் கேட்டவர்கள் வருபவன் யாரென்று அறிந்துகொள்வர். நடிகன் தயங்கினால் தப்புக்காரன் அடியை நீட்டிக் காத்திருப்பான். ஆவேசம் ஏறினால் தானும் வேகம் ஏறுவான். எழுதிவைத்த குறிப்பேடு இல்லை. ஆனால் குறிப்பு இருந்தது. பகலில் துரைக்குக் கீழ்ப்படிந்த ஒலி இரவில் மக்களுக்குச் சொந்தமாயிற்று. மலையகக் கலை வரலாற்றின் உயிர்நாடி இந்த இரட்டை நிலையிலேதான் இருக்கிறது.

குரலின் வரலாறும் இதனோடு இணைந்ததே. 1931-இல் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யர் பத்திரிகையோடு நில்லாது நாடகமும் எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள், மக்கள் அறிந்த மெட்டுக்களில் தாமே பாடல் புனைந்து கூட்டங்களிற் பாடினார். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம் அரசியல் காதின் வழியாகவே சென்றது. பின்னர் 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துக்களைச் செப்பனிட்டு மேடையேற்றியபோதும், மத்தளமும் தாளமும் பாட்டும் மேடையின் ஓரத்தில் உயிரோடு ஒலித்தன. ஒலி மனிதனுடைய கையை விட்டு இன்னும் பிரியவில்லை.

ஆனால் வெளியுலகில் அப்பிரிவு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 1920-களின் பிற்பகுதியில் மின்னாற்றலால் இயங்கும் இசைத்தட்டுப் பெட்டி அரங்கினுள் நுழைந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஒலிநாடா பரவியது. தேவையான ஒலிகளை நாடாவிற் பதிந்து, சவர அலகினால் வெட்டி, வரிசைப்படி ஒட்டி, ஒவ்வொன்றுக்குமிடையே நிறநாடாத் துண்டொன்றை வைத்து இயக்குபவர் காத்திருப்பார். ஓர் ஒலியைக் காட்சியிலிருந்து நீக்க வேண்டுமென்று நெறியாளர் சொன்னால் மறுபடி அலகு, மறுபடி ஒட்டு. 1958-இல் சாமுவேல் பெக்கெற் ஒலிநாடாப் பெட்டியையே ஒரு பாத்திரம்போல மேடையில் வைத்து நாடகம் எழுதினார். அத்துணை விரைவில் அக்கருவி மனிதருடைய நினைவோடு கலந்துவிட்டது.

அடுத்த படி கணினியின் படி. 1983-இல் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான ‘மிடி’ என்ற பொதுமொழி உருவாயிற்று. 1991-இல் அம்மொழி ஒளி, ஒலி, மேடைப்பொறி ஆகியவற்றையும் ஒரே கட்டளையில் இயக்கும்படி விரிந்தது. 2006-இல் அமெரிக்காவின் கிறிஸ்தோபர் ஆஷ்வேர்த் ‘கியூலாப்’ என்ற மென்பொருளை வெளியிட்டார். இன்று உலகின் பல அரங்குகளில் ஒலியை இயக்குவது அதுவும் அதையொத்த மென்பொருள்களுமே.

இவற்றைப் புதிதாகக் கற்க முற்படும் ஆசிரியரும் மாணவரும் முதலில் அஞ்சுவர். அஞ்ச வேண்டியதில்லை. திரையிலே ஒரு பட்டியல். பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு குறிப்பு. முதல் வரி மழை; இரண்டாம் வரி இடி; மூன்றாம் வரி மழையை மெல்லத் தணிப்பது. ஒலியைத் தொடங்குவது ஒரு குறிப்பென்றால் அதை அடக்குவது இன்னொரு குறிப்பு என்பதை உணர்ந்துவிட்டால் பாதிக் கல்வி முடிந்தது. வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று இடைவெளிவிட்டு எண்ணிடுவர். ஒத்திகையிற் புதிய ஒலி தேவைப்பட்டால் நடுவே நுழைக்க இடம் இருக்கும். ஒன்று முடிந்ததும் மற்றொன்று தானே தொடரவும், இத்தனை நொடி பொறுத்துத் தொடங்கவும் ஆணையிடலாம். ஒலிக் கோப்புகள் யாவற்றையும் நாடகத்துக்குரிய ஒரே உறையில் இட்டு வைத்தல் வேண்டும். இல்லையேல் வேறொரு கணினிக்கு மாற்றும்போது பட்டியல் இருக்கும், ஒலி இராது. அரங்கேற்றத்தின்போது கணினியின் பிற ஓசைகளை அடைத்துவிட வேண்டும்; மன்மதன் எரியும் வேளையில் மின்னஞ்சல் மணி ஒலிப்பது தகாது. இவ்வளவும் ஆயத்தமான பின் ஒரே பொத்தான். அதை அழுத்தினால் அடுத்த குறிப்பு இயங்கும்.

இதைக் கற்கச் சில நாட்கள் போதும். அந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதைக் கற்கத்தான் நெடுங்காலம் ஆகும். நடிகையின் மூச்சைக் கேட்க வேண்டும்; அவையின் மௌனத்தை அளக்க வேண்டும். ரதி புலம்பலை இழுத்தால் காத்திருக்க வேண்டும். இதைத்தான் தப்புக்காரன் பரம்பரையாகச் செய்துவந்தான். ஆகவே தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த வித்தை முற்றிலும் அந்நியமானதன்று. மென்பொருள் புதிது, அது வேண்டிநிற்கும் செவி பழையது. பாடசாலையில் இதைப் போதிப்பவர் கணினித் திரையிலிருந்து தொடங்காது காமன் களத்திலிருந்து தொடங்குவாராயின், மாணவர் விரைந்து கற்பர். தம் பெற்றோரின் அறிவை மதிக்கவும் கற்பர்.

இவ்விடத்தில் இருவகை வாதங்கள் எழும். யந்திரம் வந்தால் மரபு மாண்டுவிடும் என்பார் ஒரு சாரார். யந்திரமே முன்னேற்றம், தப்பு இனி அருங்காட்சியகத்துக்குரியது என்பார் மற்றொரு சாரார். இரண்டுமே யந்திரத்தை மனிதருக்கு மேலாக வைத்துப் பேசுகின்றன. யந்திரம் நமக்குப் பகையுமன்று, கடவுளுமன்று. அது யாருடைய உடைமை, யாருடைய கையில் இயங்குகிறது, யாருடைய உழைப்பை மறைக்கிறது என்பவையே நாம் எழுப்ப வேண்டிய கேள்விகள்.

உடைமையை முதலிற் பார்ப்போம். கியூலாப்பின் அடிப்படை வசதிகளை இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அது ‘மாக்’ வகைக் கணினியில் மட்டுமே இயங்கும். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி ஆயிரம் ரூபாயாவதற்கே ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்தது. 2021-இலேதான் அது வர்த்தமானியில் வந்தது. அத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் பயிலும் பாடசாலைக்கு அவ்விலையுயர்ந்த கணினி எட்டாக்கனி. மாறாக, ‘லினக்ஸ் ஷோ பிளேயர்’ போன்றவை கட்டற்ற மென்பொருள்கள். யாரும் பெறலாம், பகிரலாம், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம். பழைய கணினியிலும் லினக்ஸை நிறுவி அதனை இயக்கலாம். அறிவு பொதுவுடைமையாவது வெறுங்கனவன்று என்பதற்கு இஃது ஒரு சான்று. நம் ஆசிரியர்கள் கற்பிக்கத் தொடங்க வேண்டியது இங்கிருந்துதான்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. பூண்டலு ஓயா கொத்மலை ஓயாவிற் கலக்கிறது. கொத்மலை நீர்மின் நிலையம் 1985-இலும், 150 மெகாவாற் ஆற்றல் கொண்ட மேல் கொத்மலை நிலையம் 2012-இலும் இயங்கத் தொடங்கின. மலையின் நீர் நாட்டுக்கெல்லாம் ஒளி தந்தது; மலையின் லயங்களோ வெகுகாலம் மண்ணெண்ணெய் விளக்கிற் கிடந்தன. ஆகவே பாடசாலை மேடையில் ஒரு கணினி ஒலிப்பதென்பது எவருடைய தயவுமன்று. காலந்தாழ்த்திச் செலுத்தப்படும் கடனில் ஒரு சிறு பகுதி.

இறுதியாக, மறைக்கப்படும் உழைப்பு. தப்பைப் பதிவுசெய்து கணினியில் இட்டுவிட்டால், அடித்தவர் வராமலே அடி வந்துவிடும். இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு வாய்ப்பும் உண்டு. தப்பைச் சாதித் தொழிலாக, குறிப்பாகச் சாவீட்டுக் கடமையாக, ஒரு பிரிவினர்மீது சுமத்திய கொடுமை கடல்கடந்தும் வந்தது. அக்கட்டாயத்தை மறுத்த இளைஞர்களின் செயல் நியாயமானது. ஆனால் கட்டாயத்தை ஒழிப்பது வேறு, கலைஞனை ஒழிப்பது வேறு. அவனை மேடையிலிருந்து அகற்றிவிட்டு அவனுடைய ஒலியை மட்டும் வைத்துக்கொள்வது, பழைய இழிவைப் புதிய கருவியால் தொடர்வதேயாகும். பதிவு செய்யும்போது அவருக்கு ஊதியம் வழங்கப்பட வேண்டும். நாடக அறிக்கையில் நெறியாளர் பெயரையொத்த எழுத்தில் அவர் பெயரும் அச்சாக வேண்டும். இடியும் மழையும் கணினியிலிருந்து வரட்டும். தப்பு இயன்றவரை மேடையில் உயிரோடு ஒலிக்கட்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தப்பைக் கையிலெடுத்துப் பழகட்டும். தப்புக்காரரின் மகள் கணினியின் முன் அமரட்டும்.

ஒரு காலத்தில் அடி எப்போது விழவேண்டுமென்று துரை தீர்மானித்தான். பொத்தானை எப்போது அழுத்துவதென்று அந்த மகள் தீர்மானிக்கும் நாளிலே, டன்சினன் கதையின் முடிவு நம் மலையிலும் ஓரளவு நிறைவேறியதாகக் கொள்ளலாம்.