ட்ரவுட் மீனும் குளிர்ந்த தண்ணீரும்



பெரியகுளம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு நெல் விவசாயி இருக்கிறார். அறுவடை முடிந்த கையோடு வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் வந்தார். நானும் கூடப் போனேன். ஏரியில் படகு எடுத்தோம். மேல்நாட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு சின்னப் படகில் ஏறி, ஆற்றோடு போய், பொழுது சாய்கிற வரைக்கும் ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் போடுவார்களாம். அதை எங்கேயோ கேட்டிருந்த அந்த அம்மா, "என்னங்க, இந்த ஏரியில அந்த மீன் கிடைக்குமா?" என்றார்.

படகுக்காரர் முந்திக்கொண்டார். "இங்க கெண்டை வகைதாம்மா. ட்ரவுட்டுன்னா நீலகிரிக்கோ மூணாறுக்கோ போகணும்."

"மீன்தானே! நாலு குஞ்சைக் கொண்டாந்து விட்டா வளராதா?" என்று கேட்டார் அந்த அம்மா. நியாயமான கேள்வி. இந்த ஏரியே மனிதன் உண்டாக்கினதுதான். மதுரைக் கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்ச் 1863-ல் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு இதை உண்டாக்கினார். மீனும் விட்டார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். ஆனால் ட்ரவுட் அப்படி லேசில் வந்து சேருகிற மீன் அல்ல.

அதே 1863-ல் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, இங்கிலாந்து ட்ரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதினவர் இவர்தான். மீனை அவ்வளவு அறிந்தவருக்கே காரியம் பலிக்கவில்லை. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல்தான். அதற்கு முன் வெயில் கடலைத் தாண்டி, சமவெளியைத் தாண்டி, மலை ஏறி வருவதற்குள் முட்டையின் கதி என்ன ஆகும்?

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் விதையை ஈரம் படாமல் காய வைத்துப் பத்திரப்படுத்துகிறீர்கள். முளைப்பு தள்ளிப் போகிறது. ட்ரவுட் முட்டைக்கு அந்த வேலையைச் செய்வது குளிர். பத்து டிகிரி செல்சியஸ் தண்ணீரில் ரெயின்போ ட்ரவுட் முட்டை ஏறக்குறைய ஒரு மாதத்தில் பொரிக்கும். இன்னும் குளிரவைத்தால் நாள் கூடும். 1864-ல் இங்கிலாந்திலிருந்து 'நார்போக்' என்ற கப்பல் கிளம்பியது. மரப்பெட்டியில் ஈரப்பாசி பரப்பி, அதன் மேல் முட்டையை வைத்து, பெட்டிகளைப் பனிக்கட்டிக்குள் அடுக்கி, ஏறத்தாழ மூன்று மாதம் கடலில் போய் ஆஸ்திரேலியாவில் இறக்கினார்கள். அங்கிருந்து டாஸ்மேனியாத் தீவுக்குப் போனது. கூடப் போன சால்மன் முட்டைதான் மிக அதிகம். அவையும் பொரித்தன, குஞ்சுகள் கடலுக்குப் போயின, திரும்பவில்லை. கொஞ்சமாகப் போன ட்ரவுட் அந்த ஆறுகளில் நிலைத்துவிட்டது.

காஷ்மீரிலும் இதே பாடுதான். முதலில் வந்த முட்டைகள் வீணாகி, 1900-ல் வந்தவை பிழைத்தன. நீலகிரியில் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணர் அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளைச் சேர்ந்த ரெயின்போ ட்ரவுட்டைப் பிழைக்க வைத்தார். இலங்கை மலையிலிருந்தும் முட்டை வந்தது. 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்பட்டது. சென்னை மாகாணத்தில் மீன்துறைக்கு வித்திட்டவர் பிரெடரிக் நிக்கல்சன். உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அவர் 1890-களில் எழுதின அறிக்கைதான் ஆதி.

சரி, முட்டை வந்துவிட்டது. அப்புறம்? தண்ணீர் இருபது டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். இருபத்தைந்தைத் தொட்டால் மீன் தவிக்கும். சூடேறினால் தண்ணீரில் கரைந்த காற்று குறையும், மீன் மூச்சு முட்டும். முட்டையிடச் சரளைக்கல் வேண்டும். கல்லின் இடுக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டல் மூடினால் முட்டை செத்துப்போகும். பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றலாம். வருஷம் பூராவும் ஓடுகிற குளிர்ந்த ஓடையை எந்தக் கப்பலில் ஏற்றுவது?

இன்னொன்றும் உண்டு. ட்ரவுட் பிற உயிரைத் தின்கிற மீன். கல்லோடு ஒட்டி வாழும் நம் ஓடைச் சிறுமீன்களுக்கு அது விருந்தாளியா, திருடனா என்று அந்தக் காலத்தில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. எனக்கென்னவோ அது பழனி மலை ஓடை ஒவ்வொன்றிலும் இல்லை என்பதில் வருத்தம் கிடையாது.

மத்தியானம் வட்டக்கானலுக்கு நடந்தோம். ஊரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். அங்கே பாம்பாற்று ஓடை சோலைக்குள்ளிருந்து வருகிறது. படகு விடுகிற ஆறு அல்ல. பாறைக்குப் பாறை தாவுகிற தண்ணீர். இதுதான் கீழே இறங்கிக் கும்பக்கரை அருவியாக விழுகிறது.

இந்த மலையின் மேல்மட்டம் ஒருகாலத்தில் புல்வெளி. பள்ளங்களில் மட்டும் சோலை. மழையை உறிஞ்சி, பஞ்சு மாதிரி வைத்திருந்து, கோடையில் சொட்டுச் சொட்டாக விடுகிற வேலையை இரண்டும் சேர்ந்து செய்தன. வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்கென்று யூகலிப்டஸும் வாட்டில் மரமும் வந்தன. வாட்டிலைச் சீகை என்றும் சொல்வார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் கூழுக்கும் ஏக்கர் ஏக்கராக நட்டோம். புல்வெளி போய்விட்டது. போதாக்குறைக்கு, பாம்பாற்றுச் சோலைக்கு மேலே 2001-ல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம், கொடைக்கானல் ஏரி மீனிலேயே இருப்பதாக 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது.

வட்டக்கானலில் இன்னொரு தம்பதியும் இருந்தார்கள். பாப் ஸ்டூவர்ட், டான்யா பால்கர் என்று பேர். இங்கிலாந்துக்காரர்கள். மீன் கொண்டுவரவில்லை. சோலை மரங்களின் விதை பொறுக்கி நாற்றங்கால் போட்டார்கள். அந்த மரங்களுக்கு நாற்று விடுவது நெல் நாற்று மாதிரி இல்லை. முளைக்கவே மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். வாட்டிலின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தானாக முளைத்து ஏறுவதையும் கவனித்தார்கள். அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டச் சொல்லவில்லை.

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஓடையில் கால் வைத்தார். "ஐயோ, ஐஸாட்டம் இருக்கு! இந்தத் தண்ணிதானேங்க நம்ம பக்கம் வருது?"

"இதேதான்" என்றார் அவர். பிறகு அங்கே டீக்கடை வைத்திருந்த பெரியவரிடம், "ஐயா, கோடையிலயும் இப்படியே வருமா?" என்று கேட்டார்.

"நான் சிறுபிள்ளையா இருக்கையில வத்தினதில்ல தம்பி. இப்ப பங்குனி சித்திரையில நூலாட்டம் வருது."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, நாற்றங்கால் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு நடந்தார்.