தலக்காடு
கர்நாடகத்தின் மைசூரு மாவட்டத்தில், திருமகூடலு நரசிபுரம் வட்டத்தில், காவிரியின் இடக்கரையில் உள்ள ஊர். மேலைக் கங்கரின் தலைநகராக இருந்தது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் வசமாகி, இராசராசபுரம் என்று பெயர் பெற்றது. 1116 வாக்கில் ஒய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் இதை வென்று கீர்த்திநாராயணர் கோயிலை எழுப்பினான்.

ஊரின் வாழ்வைத் தீர்மானித்தது மணல்தான். ஆறு இங்கே கூர்மையாக வளைகிறது. கோடையில் வற்றிய படுகையின் மணலைத் தென்மேற்குக் காற்று கரையேற்றியது. விஜயநகரக் காலத்து மாதவமந்திரி அணைக்கட்டு நீரோட்டத்தை மாற்றியதும் ஒரு காரணம் என்பர். அலமேலம்மா என்ற பெண்ணின் சாபம் என்கிறது மக்கள் கதை. காரணம் எதுவானாலும், பல கோயில்கள் புதைந்தன. குடியிருப்பு ஆற்றைவிட்டு உள்ளே நகர்ந்தது.

அதே அணைக்கட்டின் கால்வாய்தான் சுற்றுவட்டார நெல் வயல்களுக்கு நீர் தருகிறது. மழை பொய்க்கும் ஆண்டில் அதுவும் மெலியும். விவசாயத்துக்கு அடுத்தபடி, வருமானத்துக்கு வழி யாத்திரிகர்கள்: பரிசல், சிற்றுண்டிக் கடை, பூசைப் பொருள் விற்பனை. ஐந்து சிவலிங்கங்களை வழிபடும் பஞ்சலிங்க தரிசனம் 2009, 2013, 2020 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. நாள்பொருத்தம் கூடினால்தான் அந்த விழா. அதை நம்பி யாரும் ஆண்டு முழுவதும் பிழைக்க முடியாது. வார இறுதிக் கூட்டமே நிலையான வரவு. அப்படி வருவோரில், ஆழமும் சுழலும் அறியாமல் ஆற்றில் இறங்கி உயிரிழப்போரும் உண்டு.